மெழுகு, துணி, கடன்: ஜாவாவின் பத்திக் சொல்லும் வரலாறு

(நீண்ட பதிவு. ஆறுதலாக வாசியுங்கள். க.பொ.த. உயர்தரத்தில் வரலாறு படிக்கும் பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கும் அனுப்பிவிடுங்கள்.)

2020 ஆகஸ்டில் நமது நாட்டில் புதிய அமைச்சரவை வந்தபோது பத்திக், கைத்தறித் துணி, உள்நாட்டு ஆடை உற்பத்திக்கென்று தனியாக ஓர் இராஜாங்க அமைச்சு உருவாக்கப்பட்டது ஞாபகம் இருக்கும். முகநூல் முழுக்கச் சிரிப்பு. "பத்திக்குக்கும் ஓர் அமைச்சரா?" என்று எத்தனை மீம்ஸ்! அமைச்சுகளைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பங்கு வைக்கும் நமது அரசியலைப் பார்த்துச் சிரிப்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் பத்திக்கைப் பார்த்துச் சிரிப்பதில் இல்லை. துணியில் மெழுகால் கோலம் போடுகிற இந்த வேலைதான் ஒரு நாட்டின் முதலாவது வெகுசன அரசியல் இயக்கத்தைப் பெற்றது. அந்த வியாபாரத்தில் ஓடிய காசு பாடசாலைகளாகவும் வைத்தியசாலைகளாகவும் மாறியது. அந்த நாடு இந்தோனேசியா.

"படைப்பாக்கக் கைத்தொழில்கள்" என்பது இப்போது பெரிய சொல். 1998இல் பிரித்தானிய அரசாங்கம் விளம்பரம், கட்டடக்கலை, கைவினை, சினிமா, இசை, பதிப்பு என்று 13 துறைகளைப் பட்டியலிட்டு ஓர் அறிக்கை வெளியிட்டது. அதற்குப் பிறகு அது உலக வங்கிக்காரர்களின் பேச்சிலும் வந்துவிட்டது. 2021ஆம் ஆண்டை நிலையான அபிவிருத்திக்கான படைப்பாக்கப் பொருளாதாரத்தின் சர்வதேச ஆண்டாக ஐக்கிய நாடுகள் சபை அறிவித்தது. அந்தப் பிரேரணையைக் கொண்டுவந்ததே இந்தோனேசியாதான். சொல் புதியது, ஆனால் அவர்களுக்கு விஷயம் நூறு வருடத்துக்கும் மேலாகப் பழக்கம்.

நமக்கும் ஜாவாவுக்கும் உள்ள உறவு தெரிந்ததுதான். கொழும்பு கொம்பனித் தெருவில் இன்றும் ஜாவா லேன் இருக்கிறது. ஒல்லாந்தர் தங்களுக்குப் பிடிக்காத ஜாவா அரசர்களையும் இளவரசர்களையும் இங்கேதான் நாடு கடத்தினார்கள். 1708இல் மூன்றாம் அமங்குராத் மன்னரே இலங்கைக்கு அனுப்பப்பட்டார். அவர்களோடும் மலாய்ச் சிப்பாய்களோடும் வந்த பெட்டிகளில் பத்திக் துணியும் வந்திருக்கும். பத்திக் நமது நாட்டுக்கு ஒல்லாந்தர் காலத்தில் வந்ததாகவே பொதுவாகச் சொல்கிறார்கள்.

முதலில் வேலையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் வரும் அரசியல் எல்லாம் இந்த வேலைமுறையில் இருந்துதான் பிறக்கிறது. வெள்ளைப் பருத்தித் துணியில் உருகிய மெழுகால் கோடு வரைவார்கள். மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஏறாது. சாயத்தில் தோய்த்து எடுத்து, கொதிநீரில் மெழுகைக் கழற்றி, அடுத்த நிறத்துக்காக மீண்டும் மெழுகு, மீண்டும் சாயம். வரைகிற கருவி ஒரு சின்னச் செம்புக் கிண்ணம். அதில் ஊசி போல ஒரு மூக்கு, பிடிக்க ஒரு கைப்பிடி. சந்திங் என்பார்கள். இதைப் பிடித்தவர்கள் பெண்கள். நல்ல துணி ஒன்று முடிய வாரங்கள் அல்ல, மாதங்கள் ஆகும்.

இதில் கவனிக்க வேண்டியது, வெள்ளைத் துணி எங்கிருந்து வந்தது என்பது. ஜாவாவிலும் நெய்தார்கள்தான். ஆனால் நுணுக்கமான கோடு விழ வேண்டுமென்றால் நெருக்கமாக நெய்த வழுவழுப்பான துணி வேண்டும். அந்தத் துணி வெகுகாலம் கடல் தாண்டித்தான் வந்தது, அதில் பெரும்பகுதி சோழமண்டலக் கரையில் இருந்து. ஒல்லாந்தர் பழவேற்காட்டில் கோட்டை கட்டியதும் பிறகு நாகப்பட்டினத்துக்கு இடம் மாறியதும் இந்தத் துணிக்காகத்தான். இந்தியத் துணியை வாங்கி, கிழக்கே கொண்டுபோய் வாசனைத் திரவியத்துக்கு மாற்றினார்கள். நமது ஆட்கள் உடுக்கும் 'பளையகாட்' சாரத்தின் பெயரே பழவேற்காட்டில் இருந்து வந்தது. 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கம்பனி இந்தியத் துணியின் விலையை ஏற்றியது. ஜாவா மக்கள் அதை வாங்குவதைக் குறைத்துக்கொண்டு தாங்களே நெய்யவும் சாயமிடவும் மெழுகு வரையவும் தொடங்கினார்கள். அதாவது பத்திக்கின் வளர்ச்சியில் கலை ஆர்வத்துக்கு எவ்வளவு பங்கு உண்டோ அவ்வளவு பங்கு ஒரு விலையேற்றத்துக்கும் உண்டு.

19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய ஆலைத் துணி வந்தது. மலிவு, வழுவழுப்பு, வேண்டிய அளவு. அதோடு ஒல்லாந்துக்காரருக்கு ஓர் ஆசையும் வந்தது. வெள்ளைத் துணியை விற்பதற்குப் பதில் பத்திக்கையே இயந்திரத்தில் அடித்து ஜாவாவில் விற்றால் என்ன? ஹார்லெம், ஹெல்மண்ட் போன்ற நகரங்களில் ஆலைகள் இறங்கின. ஜாவா பெண்கள் அந்தத் துணியைத் தடவிப் பார்த்தார்கள், மெழுகு வெடித்த இடத்தில் சாயம் நரம்பு போல ஓடியிருப்பதைப் பார்த்தார்கள். நல்ல பத்திக்கில் அது குறை. சந்தை சரியாகப் பிடிக்கவில்லை. ஆனால் அதே துணி மேற்கு ஆபிரிக்காவில் அமோகமாக ஓடியது! இன்று கானாவிலும் நைஜீரியாவிலும் 'ஆபிரிக்க உடை' என்று நாம் பார்க்கும் பளிச்சென்ற மெழுகு அச்சுத் துணிகளின் பூர்வீகம் ஜாவா, தயாரிப்பு ஒல்லாந்து. 1846இல் ஹெல்மண்டில் தொடங்கிய விலிஸ்கோ நிறுவனம் இன்றும் அதை விற்கிறது. ஒரு சமூகத்தின் வடிவத்தை வேறொருவர் எடுத்து, மூன்றாம் ஆளுக்கு விற்று, நூற்றைம்பது வருடத்துக்கு மேல் இலாபம் பார்ப்பது இப்படித்தான்.

ஜாவாக்காரர்கள் இந்தப் போட்டியைச் சமாளித்த விதம் சுவாரசியமானது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் செம்புத் தகட்டை வளைத்துச் செய்த முத்திரையை மெழுகில் தோய்த்துத் துணியில் பதிக்கத் தொடங்கினார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'சாப்'. நாம் 'சாப்பா' என்கிறோமே, அதே சொல்தான். மாதக் கணக்கில் எடுத்த வேலை, ஒரு நாளில் பல துணி என்று ஆனது. சாதாரண மனிதனும் பத்திக் உடுக்கலாம் என்றானது. ஆனால் இன்னொன்றும் நடந்தது. சாப் அடிக்கும் வேலைக்கு ஆண்கள் வந்தார்கள், கூலியும் அவர்களுக்குக் கூட. வீட்டுத் திண்ணையில் இருந்த வேலை பட்டறைக்குப் போனது, பட்டறைக்கு ஒரு முதலாளி வந்தார்.

அந்த முதலாளிகளின் ஊர்களில் புகழ்பெற்றது சோலோ நகரின் லவெயான். சுரக்கார்த்தா என்பதும் இந்த நகரம்தான். லவெயானில் இன்றும் ஒடுங்கிய ஒழுங்கைகளும் இரு பக்கமும் ஆள் உயரத்தைத் தாண்டிய மதில்களும் இருக்கின்றன. மதிலுக்குப் பின்னால் பட்டறையும் மாளிகையும். அரண்மனைப் பிரபுக்கள் இவர்களை 'கடைக்காரர்கள்' என்று ஏளனமாகப் பார்த்தார்கள். ஆனால் காசு இவர்களிடம்தான் இருந்தது. அந்தக் காசுப் பெட்டியின் திறப்பு பெண்கள் கையில். 'ம்போக் மாசே' என்று மரியாதையாக அழைக்கப்பட்ட வீட்டுத் தலைவிகளே துணி வாங்குவது, கூலி கொடுப்பது, சந்தையில் விலை பேசுவது எல்லாம். 1980களில் அங்கே தங்கி ஆய்வு செய்த மானிடவியலாளர் சுசான் பிரென்னர் இதை விரிவாக எழுதியிருக்கிறார். காசு விஷயத்தில் ஆண்கள் மனத்தை அடக்க மாட்டார்கள், பெண்கள் அடக்குவார்கள் என்பது அந்த ஊரின் நம்பிக்கையாம். (இதை வாசிக்கும் சகோதரிகள் சிரிப்பது எனக்குக் கேட்கிறது.)

இப்போது அரசியலுக்கு வருவோம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லவெயான் முதலாளிக்கு இரண்டு கவலை. ஒன்று, காயப்போட்ட துணி களவு போவது. மற்றது, ஆலைத் துணியும் சாயமும் மெழுகும் வந்துசேரும் வழி பெரும்பாலும் ஐரோப்பிய இறக்குமதிக் கம்பனிகளிடமும் அவர்களிடம் வாங்கிக் கடனுக்கு விநியோகித்த சீன வியாபாரிகளிடமும் இருந்தது. பத்திக் விலையை யார் வைத்தாலும், துணி விலையை வைப்பது அவர்கள். களவைத் தடுக்க ஊர்க்காவல் போல ஒரு சங்கம் அமைத்தார்கள். அதன் முன்னணியில் நின்றவர் பல நகரங்களில் கிளை வைத்திருந்த பத்திக் வியாபாரி ஹாஜி சமன்ஹூதி. அந்தக் காவல் சங்கம்தான் சரேகத் டகாங் இஸ்லாம், அதாவது இஸ்லாமிய வணிகர் சங்கம் ஆனது. இந்தோனேசியப் பாடநூல்கள் இதன் பிறப்பை 1905 என்று எழுதுகின்றன. ஆய்வாளர்கள் பலர் 1911ஐ ஒட்டிய காலம் என்கிறார்கள். 1912இல் சுரபாயாவின் சொக்ரோஅமினோத்தோ உள்ளே வந்தார். பெயரில் இருந்த 'வணிகர்' உதிர்ந்தது, சரேகத் இஸ்லாம் ஆனது. 1914 அளவில் உறுப்பினர் தொகை மூன்று இலட்சத்தைத் தாண்டிவிட்டது. ஒல்லாந்தர் ஆட்சியில் அதற்கு முன் அப்படி ஒரு கூட்டம் சேர்ந்ததில்லை. சொக்ரோஅமினோத்தோ வீட்டில் தங்கிப் படித்த ஒரு பையன்தான் பிறகு இந்தோனேசியாவின் முதல் ஜனாதிபதி சுகர்ணோ. அதே இயக்கத்தின் செமராங் கிளையில் இருந்துதான் கம்யூனிஸ்டுகளும் பிரிந்து போனார்கள். காயப்போட்ட துணிக்குக் காவல் நிற்கப் போய் ஒரு தேசத்தின் அரசியலே தொடங்கிவிட்டது.

இந்த இடத்தில் நமது ஆட்கள் வழமையாகப் பெருமைப்பட்டு அடுத்த பந்திக்குப் போய்விடுவார்கள். நான் கொஞ்சம் நிற்கிறேன். அந்தக் காலத்திலேயே சோலோவில் சீனர்களோடு கைகலப்பு, கடைப் புறக்கணிப்பு, கலவரம். 1912இல் ஒல்லாந்த அதிகாரிகள் அங்கே சங்கத்தைத் தற்காலிகமாக இடைநிறுத்தியதும் இதனால்தான். 1918இல் குதூஸ் நகரில் சீன வீடுகளும் கடைகளும் எரிந்தன. அங்கே போட்டி கிராம்புச் சுருட்டு வியாபாரத்தில். துணி விலையை வைப்பவர் மீதான கோபம், பக்கத்துத் தெருவில் இருந்த சின்னக் கடைக்காரர் மேல் விழுந்தது.

இதே பத்தாண்டில், 1915 மே மாத இறுதியில், நமது நாட்டில் என்ன நடந்தது என்பதை வரலாற்று ஆசிரியர் எவரும் மறக்க மாட்டார். கண்டியில் தொடங்கி பல மாவட்டங்களுக்குப் பரவிய அந்தக் கலவரத்தில் கரையோரச் சோனகரின் கடைகள்தான் முதல் இலக்கு. ஊர்வலப் பிரச்சினை தீக்குச்சி. காய்ந்த விறகு, சில்லறை வியாபாரமும் கடனும் யார் கையில் என்ற போட்டி. சோலோவில் முஸ்லிம் வியாபாரி நின்ற பக்கத்தில் இங்கே மற்றவர்கள் நின்றார்கள், சீனர் நின்ற இடத்தில் நாம் நின்றோம். 2014 அளுத்கமையையும் 2018 திகனையையும், 2019க்குப் பிறகு வந்த புறக்கணிப்புகளையும் கண்ட நாம், சரேகத் இஸ்லாமின் கதையை முழுதாகப் படிக்க வேண்டும். வெற்றியை மட்டும் வெட்டி எடுத்துப் பகிரக் கூடாது.

சமன்ஹூதி என்ன ஆனார் என்று கேட்பீர்கள். தலைமை கைமாறியது. வியாபாரமும் சரிந்தது. அரசியலை விட்டு ஒதுங்கி 1956இல் மௌத்தானார். 1961இல் தேசிய வீரராக அறிவித்தார்கள்.

எனக்கு இந்த வரலாற்றில் அதிகம் பிடித்த பகுதி கட்சி அல்ல, பாடசாலை. 1912இல் யோக்யகார்த்தாவில் முஹம்மதிய்யா இயக்கத்தைத் தொடங்கிய அஹ்மத் தஹ்லான், பள்ளிவாசல் கதீபின் மகன், தானும் கதீப். வருமானத்துக்குப் பத்திக் வியாபாரம் செய்தவர். துணி விற்க ஊர் ஊராகப் போன இடங்களில் எல்லாம் ஆட்களைச் சந்தித்தார், பேசினார். இயக்கம் பரவிய ஊர்களின் பெயர்களைப் பார்த்தால் பத்திக் ஊர்கள் பல கண்ணில் படும். குர்ஆன் மத்ரஸாவில் கரும்பலகையும் வாங்கும் கணக்கும் புவியியலும் கொண்டுவந்தவர்கள் இவர்கள். 1917இல் பெண்களுக்கென்று ஆயிஷிய்யா அமைப்பு. ஆசிரியர் சம்பளத்துக்குக் காசு போதாமல் தஹ்லான் தன் வீட்டுச் சாமான்களையே ஏலத்தில் விட்டார் என்ற கதையை இந்தோனேசியாவில் இன்றும் சொல்கிறார்கள். சம்பளத்துக்குக் காத்திருந்து பழகிய எந்த ஆசிரியருக்கும் இந்தக் கதை பிடிக்கும். இன்று முஹம்மதிய்யாவுக்குப் பல்கலைக்கழகங்களும் நூற்றுக்கணக்கான வைத்தியசாலை, கிளினிக்குகளும் ஆயிரக்கணக்கான பாடசாலைகளும் இருக்கின்றன. அதன் முதல் சந்தாப் பணத்தில் ஒரு நல்ல பங்கு மெழுகு வாசனை வீசிய காசு. கைத்தொழில் இலாபம் தானாகச் சமூக அபிவிருத்தி ஆகிவிடவில்லை, அந்த இலாபத்தைப் பொது வேலைக்குத் திருப்ப ஓர் அமைப்பு இருந்தது.

சரி, அந்த இலாபம் எங்கிருந்து வந்தது? 1930-31இல் ஒல்லாந்த அரசாங்கத்துக்காக டி கட் அங்கெலினோ என்ற அதிகாரி ஜாவா, மதுரா தீவுகளின் பத்திக் பட்டறைகளைச் சுற்றிப் பார்த்து ஒரு பெரிய அறிக்கை கொடுத்தார். வாசித்தால் மனம் கனக்கும். பெண்களுக்கு முன்பணம் கொடுப்பார்கள். கூலியில் அது கழியாது. கழியும் வரை வேறு பட்டறைக்குப் போக முடியாது. பெருநாளுக்கு, கலியாணத்துக்கு, மையத்துச் செலவுக்கு மேலும் கடன். கடன் ஏற ஏற ஆள் பட்டறைக்கே சொந்தம். பட்டறைச் சொந்தக்காரர் சீனரா, அரபியா, ஜாவா முஸ்லிமா என்பது இந்த விஷயத்தில் பெரிய வித்தியாசத்தை உண்டாக்கவில்லை. ஹாஜிமாரின் பட்டறையிலும் முன்பணப் புத்தகம் இருந்தது. மேலே துணி வியாபாரியின் கடனில் முதலாளி, கீழே முதலாளியின் கடனில் பெண். சங்கம் கட்டியது நடுவில் இருந்தவர் மட்டும். சந்திங் பிடித்த கைக்குச் சங்கம் இல்லை.

அதனால்தான் "நமது பாரம்பரியக் கலையை ஊக்குவிப்போம்" என்று யாராவது மேடையில் பேசினால் நான் கேட்பது இதைத்தான்: வெள்ளைத் துணியை யார் கொண்டுவருகிறார், கடனை யார் கொடுக்கிறார்? வடிவம் எவ்வளவு அழகு என்பது அதற்குப் பிறகு.

துணி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை உலகப் போர்கள் காட்டின. முதலாம் போரில் கப்பல் தடைப்பட்டு ஐரோப்பியத் துணியும் ஜெர்மன் செயற்கைச் சாயமும் அரிதாயின. இரண்டாம் போரில் ஜப்பானியர் 1942 முதல் 1945 வரை ஜாவாவைப் பிடித்து வைத்திருந்தபோது நிலைமை இன்னும் மோசம். அப்போது வடகரையில் உள்ள பெக்கலோங்கானில் ஒரு விசித்திரம் நடந்தது. கிடைத்த கொஞ்சத் துணியில் வேலைக்காரருக்கு எத்தனை நாள் வேலை கொடுக்க முடியுமோ அத்தனை நாள் கொடுக்க வேண்டும். அதனால் ஒரே துணியில் பூவுக்குள் பூ, வண்ணத்துப்பூச்சி, பின்னணியில் இடைவெளியே இல்லாமல் நுணுக்கக் கோலம் என்று நிரப்பினார்கள். துணியைக் குறுக்கே பிரித்து ஒரு பாதியில் ஒரு வடிவம், மறு பாதியில் வேறொன்று. காலையில் ஒரு பக்கம் தெரிய உடுக்கலாம், மாலையில் திருப்பி உடுக்கலாம். 'ஜாவா ஹொக்கோகாய்' எனப்படும் இந்தத் துணிகளை இன்று உலக நூதனசாலைகள் பெட்டியில் வைத்துக் காட்டுகின்றன. வறுமையில் வந்த ஆடம்பரம் அது.

சுதந்திரப் போராட்டம் இன்னும் ஓயாத 1948இல் பத்திக் கூட்டுறவுச் சங்கங்கள் சேர்ந்து ஜிகேபிஐ என்ற சம்மேளனத்தை அமைத்தன. அப்போதைய துணை ஜனாதிபதி ஹத்தா கூட்டுறவுக்காகவே வாழ்ந்த மனிதர். 1950களில் பத்திக்குக்கான வெள்ளைத் துணியை இறக்குமதி செய்து விநியோகிக்கும் உரிமை இந்தச் சம்மேளனத்துக்குக் கிடைத்தது. எந்தக் கதவில் முட்டி சமன்ஹூதியின் தலைமுறை அரசியலுக்கு வந்ததோ, அந்தக் கதவின் திறப்பு இப்போது சங்கத்தின் கையில். அதன் பிறகு யோக்யகார்த்தாவுக்குப் பக்கத்தில் மெதாரியில் தங்களுக்கென்று ஒரு நெசவாலையும் கட்டினார்கள். எல்லாம் நேர்மையாக நடந்ததா? இல்லை. மலிவு விலைப் பங்கை வாங்கிக் கறுப்புச் சந்தையில் விற்றுவிட்டு பத்திக்கே செய்யாமல் இருந்தவர்கள் பற்றிய புகார்களும் வந்தன. 1960களின் நடுவில் ஆட்சி மாறியதும் சலுகையும் போனது. 1970களில் அச்சுப் பத்திக் வந்து சந்திங் பிடித்தவர்களில் ஏராளமானவர்களின் வேலையைப் பறித்தது. ஆனாலும் அந்தப் பத்துப் பதினைந்து வருடத்தில் சின்ன முதலாளிகள் நிமிர்ந்தார்கள். பத்திக் ஊர்களில் கூட்டுறவுச் சங்கங்கள் பாடசாலையும் மருந்தகமும் கட்டின.

இந்தக் காலத்தின் இன்னொரு மனிதரைச் சொல்லாமல் போக முடியாது. சுகர்ணோவுக்கு ஓர் ஆசை. சோலோவின் மண்ணிறமும் வடகரையின் பளிச் நிறங்களும் தனித்தனியாக இருக்கின்றன, முழு நாட்டுக்குமான ஒரு பத்திக் வேண்டும். அந்த வேலையை அவர் ஒப்படைத்தது கோ திக் சுவான் என்ற சோலோ இளைஞரிடம். சீன வம்சாவளி, பத்திக் குடும்பம், ஜாவா நடனமும் இலக்கியமும் கற்றவர். நாற்பது வருடத்துக்கு முன் எந்த நகரில் சீனக் கடைகள் மேல் கல் விழுந்ததோ, அதே நகரத்துச் சீனப் பிள்ளை 'இந்தோனேசிய பத்திக்' என்ற வடிவத்தை உருவாக்கினார். 1970களில் ஜகார்த்தா ஆளுநர் அலி சாதிக்கின் நீண்ட கை பத்திக் சட்டையை வைபவ உடையாக ஏற்றுக்கொண்டார். கோட்டும் டையும் தேவையில்லை என்றானதும் ஒவ்வோர் அலுவலகக்காரனும் ஒரு வாடிக்கையாளர். 1994இல் போகோரில் நடந்த ஏபெக் மாநாட்டில் கிளின்டன் உட்பட எல்லாத் தலைவர்களும் இவான் திர்த்தா வடிவமைத்த பத்திக் சட்டையில் நின்ற படம் பலருக்கு நினைவிருக்கும்.

2009 ஒக்டோபர் 2ஆம் திகதி யுனெஸ்கோ பத்திக்கை மனிதகுலத்தின் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. இது எல்லோருக்கும் தெரியும். அதே ஆண்டு யுனெஸ்கோ இன்னொன்றையும் அங்கீகரித்தது, அது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. பெக்கலோங்கான் பத்திக் நூதனசாலையும் அந்த ஊர்ப் பாடசாலைகளும் சேர்ந்து ஆரம்பப் பிரிவு தொடக்கம் தொழினுட்பக் கல்லூரி வரை பத்திக்கைப் பாடமாகக் கற்பிக்கும் திட்டம், சிறந்த பாதுகாப்பு முறைகளில் ஒன்றாகத் தெரிவானது. பிள்ளை நூதனசாலைக்குப் போய் மெழுகு சூட்டைக் கையில் உணர்ந்து வருகிறது, அதற்குப் புள்ளியும் உண்டு. நமது பாடசாலைகளில் சித்திரப் பாடத்தில் பத்திக் செய்முறை எழுத்தில் இருக்கிறது. மெழுகு உருக்கிய வகுப்பறை எத்தனை?

பெக்கலோங்கானை சுவர்க்கம் என்று நினைக்க வேண்டாம். சாயக் கழிவு விழுந்து ஆறுகள் நிறம் மாறி ஓடுகின்றன. நிலத்தடி நீரை உறிஞ்சியதால் நிலம் தாழ்ந்து, கடல் ஊருக்குள் வருகிறது. 2014இல் யுனெஸ்கோவின் படைப்பாக்க நகரம் என்ற பட்டம் பெற்ற ஊர் அது.

நமது பக்கம் வருவோம். 1960களில் எனா டி சில்வா அம்மையார் பத்திக்குக்குப் புது உயிர் கொடுத்தார். பெந்தோட்டை பீச் ஹோட்டலின் கூரையில் அவருடைய பத்திக்கை ஜெப்ரி பாவா விரித்தார். பிறகு மாத்தளைக்குப் பக்கத்தில் அளுவிஹாரையில் கிராமத்துப் பெண்களோடு சேர்ந்து வேலை செய்தார். 2015இல் மறையும் வரை அதுதான் அவர் ஊர். சுற்றுலாப் பயணிகள் பெருகப் பெருக காலி வீதி நெடுகிலும் பத்திக் கடைகள். கலைத்தரத்தில் நாம் குறைந்தவர்கள் இல்லை. ஆனால் நமது பத்திக் உள்ளூர்க்காரன் உடுக்கும் துணியாக மாறவில்லை, சுவரில் தொங்கும் யானையாகவே நின்றுவிட்டது. சுற்றுலா நின்றால் பத்திக்கும் நின்றது. வெள்ளைத் துணியும் சாயமும் பெரும்பாலும் வெளிநாட்டில் இருந்தே வருகின்றன. 2022இல் டொலர் இல்லாமல் போனபோது அதுவும் திண்டாட்டம்.

நமது சமூகத்துக்கு இதைவிட நெருக்கமானது கைத்தறி. மருதமுனையின் சாரமும் சாரியும் இலங்கை முழுக்கப் பெயர் பெற்றவை. 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்தில் தறிகளுக்கு ஓய்வில்லை. 1977இல் பொருளாதாரம் திறந்ததும் வெளிநாட்டுத் துணி குவிந்தது, நாடெங்கும் தறிகள் நின்றன. தறியில் இருந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். பிறகு யுத்தம். பிறகு 2004 சுனாமி மருதமுனைக் கரையையும் அடித்தது. இவ்வளவுக்கும் பிறகு அங்கே தறிச் சத்தம் கேட்கிறது என்றால் அது அந்த மக்களின் பிடிவாதம். கட்டுப்பாட்டுக் காலத்தில் நூல் யார் வழியாக வந்தது, விலையை யார் வைத்தார், திறந்த பொருளாதாரம் வந்த மாதத்தில் கூலி எவ்வளவு இறங்கியது என்பதெல்லாம் இன்னும் சரியாக எழுதப்படவில்லை. ஜாவாவுக்கு 1931இலேயே ஓர் அறிக்கை இருக்கிறது.

அதனால் ஒரு வேண்டுகோள். மருதமுனை, காத்தான்குடி, வேறு எந்த ஊரிலும் 1970களில் தறியில் இருந்த உம்மாமார், நூல் வியாபாரம் செய்த காக்காமார், சங்கத்தில் கணக்கு எழுதியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால் அவர்களிடம் கேட்டு, நினைவில் உள்ளதைப் பின்னூட்டத்தில் எழுதுங்கள். நூல் கட்டின் விலை, ஒரு சாரத்துக்குக் கிடைத்த கூலி, முன்பணம் வாங்கியிருந்தால் அதன் கதை, எதுவானாலும். பழைய சங்கப் புத்தகம், பற்றுச்சீட்டு இருந்தால் படம் எடுத்துப் போடுங்கள். உயர்தர வரலாற்று மாணவர்கள் சிலர் இதை ஒரு செயற்றிட்டமாகச் செய்ய ஆயத்தமாக இருக்கிறார்கள். அடுத்த தவணைக்குள் தொடங்க எண்ணம்.